மூன்று வயதுச் சதுரங்கம்

எங்கள் வீட்டு டெப் கணினியில் இருக்கும் சதுரங்கச் செயலிக்கு, அதை இறக்கிய கூகுள் பிளே செயலிக் கடையில் ‘3+’ என்று வயதுக்குறி போட்டிருக்கிறது. என் மகளுக்கு மூன்று வயதில் சதுரங்கத்தோடு இருந்த உறவு, வெள்ளைக் குதிரையின் தலையை வாயில் வைத்துக் கடித்ததோடு முடிந்தது. அந்தக் குதிரையின் காதில் அவளுடைய பற்குறி இன்றும் இருக்கிறது. இப்போது ஆறு வயதில்தான் எந்தக் காய் எப்படி நகரும் என்று தன் அப்பப்பாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். கடையின் கணக்கிலோ அவள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த விளையாட்டுக்குத் தகுதி பெற்றுவிட்டாள். இதைக் கடையின் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த எண் வேறொரு கேள்விக்குரிய விடை; நான் கேட்ட கேள்வி வேறு. இவ்வளவு சிறிய விடயம் எனக்கு விளங்குவதற்கு ஒரு முழு டிசம்பர் விடுமுறை தேவைப்பட்டது.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் தளத்தில் வசிக்கிறோம். முற்றம் கிடையாது, கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் சூமுக்குப் போனபோது, கொழும்பில் எத்தனையோ வீடுகளைப் போல நாங்களும் கடன்பட்டு ஒரு டெப் வாங்கினோம். பாடசாலைகள் திறந்த பிறகு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள், டெப் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கு இன்று மூன்று சொந்தக்காரர்கள். பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சீட்டாடும் என் மாமனார். கணக்கு மட்டும் ஒன்றுதான், அது என்னுடையது. ஒரு சாதனத்தில் மூன்று தலைமுறை இருக்கும் வீட்டை மனதில் வைத்து எந்தக் கடையும் தன் வடிகட்டியை அமைக்கவில்லை என்பதைப் பின்னர்தான் கண்டேன்.

தொடக்கம் ஒரு கேக் விளையாட்டு. கேக்குக்கு நிறம் பூசி, மேலே பழம் வைத்து, மெழுகுதிரி ஏற்றும் எளிய விளையாட்டு, தரக்குறி 3+. மகள் கேட்டாள், எண்ணைப் பார்த்தேன், இறக்கிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மூன்றாவது கேக் முடிந்ததும் அவள் என்னிடம் ஓடி வந்து, “அம்மா, இந்தச் சில்லைச் சுத்தினா காசு வருமாம், சுத்தட்டோ?” என்று கேட்டாள். திரையில் சூதாட்டச் சில்லு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஏதோ பந்தயச் செயலியின் விளம்பரம். மூட வேண்டிய பெருக்கல் அடையாளம் ஓர் எறும்பளவில் மூலையில் இருந்தது. கேக் விளையாட்டுக்குள் தவறாக எதுவும் இல்லை. இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, பயமுறுத்தும் உருவம் இல்லை. 3+ என்ற எண் சொன்னது அவ்வளவுதான், அதில் பொய்யும் இல்லை.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, இந்த எண்ணை யார் போடுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் திரைப்படங்களைப் பார்த்து அனுமதி வழங்க ஒரு சபை இருக்கிறது. சுவரொட்டியில் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று போடும் வழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். வீடியோ விளையாட்டுகளுக்கு அப்படி ஒரு சபை இங்கே இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு கூகுள் பிளேயில் நாம் பார்க்கும் எண், ஐ.ஏ.ஆர்.சி. எனப்படும் சர்வதேச வயதுத் தரப்படுத்தல் கூட்டமைப்பு வழங்குவது. 2013இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டைக் கூகுள் 2015இல் தன் கடைக்குள் கொண்டுவந்தது. விளையாட்டை உருவாக்கியவர் ஒரு வினாக்கொத்தை நிரப்புகிறார்: வன்முறை உண்டா, உண்டென்றால் மனிதர் மீதா, கற்பனை உயிரினம் மீதா, இரத்தம் தெரிகிறதா, சூதாட்டச் சாயல் உண்டா, விளையாடுவோர் ஒருவரோடொருவர் பேச முடியுமா, இப்படி. அவர் விடைகளை அனுப்பியவுடன் அமெரிக்காவுக்கு ஒரு குறி, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று, அவுஸ்திரேலியாவுக்கு ஒன்று என்று தனித்தனியே பிறக்கின்றன. சொந்தச் சபை இல்லாத நம்மைப் போன்ற நாடுகளுக்கு 3, 7, 12, 16, 18 என்ற பொதுக் குறிகள். ஆகவே, என் மகளின் கேக் விளையாட்டை ஒருவர் உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு ‘இது மூன்று வயதுக்கு ஏற்றது’ என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் செய்தவரே விடை எழுதினார், கணினி கூட்டிக் கழித்து எண்ணைத் தந்தது. பொய் விடை எழுதினால் பின்னர் பிடிபடலாம், குறி மாற்றப்படலாம். என்றாலும் இலட்சக்கணக்கான செயலிகள் குவியும் கடையில் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பார்ப்பது நடவாத காரியம் என்பதால்தான் இந்த வழி வந்தது.

எல்லாக் குறிகளும் இப்படி வந்தவை அல்ல. 1993இல் அமெரிக்க செனட் சபையில் ‘மோர்ட்டல் கொம்பாட்’, ‘நைட் டிராப்’ போன்ற விளையாட்டுகளின் வன்முறை பற்றி விசாரணை நடந்தது. அரசாங்கம் சட்டம் போடுவதற்கு முன் நாமே செய்துவிடுவோம் என்று விளையாட்டுத் துறையினர் 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரப்படுத்தும் சபையை அமைத்துக்கொண்டார்கள். கடையில் பெட்டியாக விற்கப்படும் விளையாட்டென்றால், அதன் மிக மோசமான காட்சிகள் அடங்கிய பதிவைத் தயாரிப்பாளர் அனுப்ப வேண்டும், பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக் குறி கொடுப்பார்கள். ஐரோப்பாவில் 2003இல் பெகி என்ற தரப்படுத்தும் ஏற்பாடு வந்தது.

இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பம்பலப்பிட்டியில் பழைய கொன்சோல் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவி) வட்டுகள் விற்கும் ஒரு கடையில் நேரில் பார்க்கலாம். ஒரே அடுக்கில் ஐரோப்பியப் பெட்டியும் அமெரிக்கப் பெட்டியும் ஜப்பானியப் பெட்டியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஐரோப்பியப் பெட்டியில் எண் இருக்கும்: 3உம் 7உம் பச்சை, 12உம் 16உம் செம்மஞ்சள், 18 சிவப்பு. அமெரிக்கப் பெட்டியில் எழுத்து இருக்கும்: ஈ என்றால் எல்லோருக்கும், டீ என்றால் பதின்மூன்றுக்கு மேல், எம் என்றால் பதினேழுக்கு மேல். ஜப்பானியப் பெட்டியிலும் எழுத்துத்தான், ஆனால் அது ஏ, பி, சி, டி, இசட் என்று இன்னொரு வரிசை. என் மாமியார் ஒருநாள் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஈயாம், இங்கிலிஷாக்கும்” என்று வைத்துவிட்டார். சிரித்தேன், பிறகு யோசித்தபோது அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. மூன்று மொழிகள் புழங்கும் நகரத்தில் எழுத்தைவிட எண்தான் எல்லோருக்கும் பொது. தமிழ் மட்டும் வாசிக்கும் பாட்டிக்கும் சிங்களம் பேசும் கடைக்காரத் தம்பிக்கும் 7 என்பது 7தான். எண் எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், சொல்வதைத் தெளிவாகச் சொல்கிறது என்ற ஒரு மரியாதை எனக்கு அதன் மீது உண்டு.

கடைகளுக்குள் இந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தபோதுதான் ஏமாற்றம் தொடங்கியது. பெற்றோராகிய எனக்கு வேண்டியது தேடல்: ஆறு வயதுப் பிள்ளைக்கு நல்லதாக, தமிழோ ஆங்கிலமோ அதிகம் வாசிக்கத் தேவையில்லாததாக, இணையம் இல்லாமல் ஓடக்கூடியதாக நான்கைந்து விளையாட்டுகளைக் காட்டு என்று கேட்க வேண்டும். கடை எனக்குத் தருவது பூட்டு. கூகுள் பிளேயின் அமைப்புகளுக்குள் போய்ப் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, ஓர் இரகசிய இலக்கம் வைத்து, விளையாட்டுகளுக்கு ஓர் உச்ச வயதைத் தெரிந்தெடுத்தால், அதற்கு மேற்பட்டதை அந்தச் சாதனத்தில் இறக்க முடியாது. நல்ல வசதிதான். ஆனால், ஏழு என்று பூட்டிய பிறகு மீதமிருப்பது குழந்தைகளுக்கான கடை என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப் பொறி, இரயில் நேர அட்டவணை, சோதிடம், சதுரங்கம், விமான ஓட்டப் பயிற்சி எல்லாம் அந்த மீதியில் இருக்கின்றன. தீங்கு இல்லாதது வேறு, பிள்ளைக்கென்று செய்யப்பட்டது வேறு. அரிசி மாவை அரிதட்டில் போட்டால் கண்ணளவுக்குச் சிறியதெல்லாம் கீழே விழும், மணலும்தான்.

இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்களும் அறிவார்கள். அப்பிள் 2013இலேயே தன் கடையில் குழந்தைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவை வைத்து, அதை 5 வயதுக்கு உட்பட்டோர், 6 முதல் 8, 9 முதல் 11 என்று பிரித்தது. அந்தப் பிரிவில் இடம்பெறும் செயலிகளுக்கு விளம்பரம், தகவல் சேகரிப்பு பற்றி மற்றவற்றைவிடக் கடுமையான விதிகள். கூகுள் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில், ஆசிரியர்கள் பார்த்து ஏற்றுக்கொண்ட செயலிகளுக்கு ஓர் அடையாளம் கொடுத்துத் தனியே காட்டத் தொடங்கியது. குழந்தைகளுக்கான செயலி என்று தானே அறிவித்துக்கொள்ளும் செயலி, கூகுளின் குடும்பக் கொள்கைகளுக்குக் கட்டுப்பட்டு, அதற்கென்று உறுதிப்படுத்தப்பட்ட விளம்பர வலையமைப்புகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கேக் விளையாட்டு அந்த அறிவிப்பைச் செய்திருக்கவில்லை போலும். 3+ என்ற எண்ணும் ‘குழந்தைகளுக்கானது’ என்ற அறிவிப்பும் வெவ்வேறு வினாக்கொத்துகள் என்பதையே நான் அந்தச் சில்லுக்குப் பிறகுதான் அறிந்தேன். வயதுக்குறி உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பேசுகிறது. விளம்பரமோ ஒவ்வொரு தடவையும் வேறெங்கிருந்தோ வந்து விழுகிறது.

கணினியில் ஸ்டீம் கடை இன்னும் வேறு உலகம். அங்கே ‘குடும்பத்துக்கு உகந்தது’ என்ற ஒட்டுச்சீட்டு இருக்கிறது, ஆனால் ஒட்டுபவர்களில் பெரும்பாலோர் விளையாடுவோர். ஒருவருக்குக் குடும்பம் என்றால் கல்லூரி நண்பர்கள் நால்வர், இன்னொருவருக்குக் கைக்குழந்தை. ஜெர்மனியில் 2024 நவம்பரிலிருந்து வயதுக்குறி இல்லாத விளையாட்டை ஸ்டீம் காட்டுவதில்லை, காரணம் அந்நாட்டுச் சட்டம். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை, ஆகவே நம் திரையில் குறியே இல்லாத விளையாட்டுகளும் தாராளமாக வரும்.

கொன்சோல் வைத்திருக்கும் கொழும்பு வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் கணக்கைத் திறந்து தருவது கடைக்காரர். சிங்கப்பூர், இந்தியா, அமெரிக்கா என்று அவருக்குப் பழகிய நாட்டில் திறந்து தருவார். கணக்கு எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டின் குறிதான் திரையில் தெரியும். பிள்ளையின் பிறந்த ஆண்டுக்கும் கடைக்காரர் தமக்கு வாய்க்கு வந்ததைப் போட்டிருப்பார், பெரும்பாலும் 1990. என் அண்ணாவின் மகனுக்கு வயது ஒன்பது. அவனுடைய கொன்சோலின் எண்ணப்படி அவன் என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். வயது வடிகட்டி அங்கே செயற்படாமல் இல்லை. முப்பது தாண்டிய ஒருவருக்கு உரிய முறையில் மிகச் சரியாகச் செயற்படுகிறது.

இனி சீட்டாட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த முழு ஏற்பாட்டின் உள்மனம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கேக் சம்பவத்துக்கு அடுத்த நாள் டெப்பை முற்றாக அழித்து, புதிதாக அமைத்து, உச்ச வயது 7 என்று பூட்டினேன். ஏற்கெனவே இறக்கியிருப்பவற்றைப் பூட்டு தொடுவதில்லை என்று வாசித்திருந்ததால்தான் அழித்தேன். அன்றிரவு மாமா டெப்போடு என் அறை வாசலில் நின்றார். “பிள்ளை, என்ர சீட்டைக் காணேல்லை. தேடினாலும் இறங்குதில்லை.” அவருடைய சீட்டாட்டச் செயலி நான் வைத்த எல்லையைத் தாண்டிய குறி கொண்டது. எழுபத்தாறு வயதுக்காரருக்கு ஏழு வயது போதவில்லை.

அவர் ஆடுவது 304. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் மழை நாளில் நான்கு பேர் சேர்ந்தால் அதுதான். ஒவ்வொரு இனத்திலும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. காசு வைக்காமலும் ஆடலாம். மாமா வாழ்நாளில் காசு வைத்து ஆடியதில்லை. என் மகனுக்குக் கூட்டல் வேகமாக வந்தது ஏழு மணி ரியூசனாலா, 304ஆலா என்று கேட்டால் நான் மாமாவின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் வினாக்கொத்துக்குச் சீட்டு என்றால் சூதாட்டத்தின் நிழல். கேள்விகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இது எங்கள் வீட்டோடு நிற்கும் சங்கடம் அல்ல. 2024 பெப்ரவரியில், தன் உண்மைப் பெயரை வெளியிடாத கனேடியர் ஒருவர் உருவாக்கிய ‘பலாட்ரோ’ என்ற விளையாட்டு வெளிவந்தது. போக்கர் சீட்டுகளின் சேர்க்கைகளை வைத்துப் புள்ளிகளைக் கூட்டியும் பெருக்கியும் இலக்கை எட்ட வேண்டும். பந்தயம் இல்லை, உள்ளே காசு கொடுத்து வாங்க எதுவும் இல்லை. முதலில் அதற்கு 3 என்று இருந்த பெகி குறி, வெளிவந்த சில நாட்களில் 18 ஆக்கப்பட்டது. சில நாட்டுக் கடைகளிலிருந்து அது தற்காலிகமாக அகற்றப்பட்டது. போக்கரின் கைகளைக் கற்றுக்கொடுப்பதால் பிள்ளைகள் சூதாட்டத்துக்குப் பழகக்கூடும் என்பது காரணம். அதே காலத்தில், உண்மைக் காசு கொடுத்து உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத வீரர் பொதிகளைத் திறக்கும் வசதி கொண்ட ஈ.ஏ. நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டு பெகியிடம் 3 பெற்றிருந்தது. பலாட்ரோவை உருவாக்கியவர் இந்த முரணைப் பகிரங்கமாகவே கிண்டல் செய்தார். மேன்முறையீட்டின் பின் 2025 பெப்ரவரியில் பலாட்ரோ 12க்கு இறங்கியது.

ஜெர்மனியின் தரப்படுத்தும் சபையான யூ.எஸ்.கே. இதில் வேறு வழி போனது. 2023 முதல், உள்ளே வாங்கத் தூண்டும் வசதிகள், அதிர்ஷ்டப் பொதிகள், அந்நியரோடு பேசும் வாய்ப்பு ஆகியவற்றையும் அது கணக்கில் எடுக்கத் தொடங்கியதால், முந்தைய ஆண்டு 0 பெற்றிருந்த அதே கால்பந்துத் தொடர் அவ்வாண்டு 12 பெற்றது. அவுஸ்திரேலியா 2024 செப்டெம்பரில், அதிர்ஷ்டப் பொதி விற்கும் புதிய விளையாட்டுகள் குறைந்தது எம் என்ற குறி (அங்கே அது பதினைந்துக்கு மேற்பட்டோருக்கு என்ற பரிந்துரை) பெற வேண்டும், சூதாட்டத்தைப் போலச் செய்து காட்டுபவை பதினெட்டுக்கு மேல் மட்டும் என்று விதித்தது. பெல்ஜியம் 2018இலேயே அத்தகைய பொதிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பந்தை உதைப்பது ஒன்றுதான், வலையும் ஒன்றுதான், ஆனால் நாட்டின் எல்லை தாண்டியபோது பிள்ளைக்குரிய வயது மூன்றிலிருந்து பன்னிரண்டானது. எந்த எண் சரி என்று என்னைக் கேட்டால் ஜெர்மனியின் எண்தான் என்பேன். பந்து உதைப்பதில் பிள்ளை கெட்டுப்போகப் போவதில்லை. அடுத்த பொதியில் நல்ல வீரர் வருவார், அதற்கடுத்ததில் வருவார் என்ற அரிப்புத்தான் எங்கள் ஒழுங்கையின் முனையில் அதிர்ஷ்டலாபச் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்பவருக்கும் இருக்கிறது.

ஆகவே, இப்போதெல்லாம் நான் எண்ணைவிட அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் வாசிக்கிறேன். விளம்பரம் உண்டு, செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு, பயனர்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளலாம் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும் அந்த வரிகளில்தான் ஒரு பிள்ளையின் மாலைப்பொழுது எப்படிப் போகும் என்பது தெரிகிறது. 2018 முதல் பெகி, உள்ளே வாங்கும் வசதிக்கு ஒரு தனி அடையாளம் வைத்திருக்கிறது. 2020 முதல் எது கிடைக்கும் என்று தெரியாமல் வாங்குவதை பெகியும் ஈ.எஸ்.ஆர்.பி.யும் தனியே குறிப்பிடுகின்றன. இவை எண்ணை உயர்த்தாமல் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் நின்றால், எண்ணை மட்டும் பார்க்கும் வடிகட்டிக்கு இவை கண்ணில் படுவதில்லை. உள்ளே வாங்கும் வசதி இல்லாதவற்றை மட்டும் காட்டு என்று கேட்க என் கடையில் எங்கும் ஒரு பெட்டி இல்லை. கடைக்கு அதனால் என்ன இலாபம் என்று நினைத்துப் பார்த்தால் காரணமும் விளங்கும்.

‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்தது, விருப்பமில்லாமலே பொத்தானை அழுத்தி வாங்க வைக்கும் அமைப்பு ஆகிய குற்றச்சாட்டுகளுக்காக 52 கோடி டொலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒத்துக்கொண்டது. வயதுக்குறி ஒருபோதும் கேட்காத கேள்விகளால் வந்த தொகை அது.

மகனுடைய விடயம் வேறு. அவனுக்குக் கேக் வேண்டாம், வகுப்பில் எல்லோரும் ஆடுவது வேண்டும். “அம்மா, மைன்கிராஃப்ட் செவன் பிளஸ்தான், நீங்களே பாருங்கோ” என்று ஒருநாள் பக்கத்தைத் திறந்துகொண்டு வந்தான். அவன் சொன்னது சரி; பெகி அதற்கு 7 தருகிறது, அமெரிக்கச் சபை பத்துக்கு மேல் என்கிறது. தனியே வீடு கட்டி, கோழி வளர்த்து, இரவில் வரும் பிசாசுகளிலிருந்து ஓடி ஒளிந்தால் அந்த எண் பொருந்தும். அந்நியர் நடத்தும் சேவையகத்துக்குள் போய் ஆடினால் அங்கே யார் என்ன பேசுவார் என்பதற்கு எந்தச் சபையும் பொறுப்பில்லை, அமெரிக்கச் சபை அதை எழுதியே வைக்கிறது. நாங்கள் மைன்கிராஃப்டை வாங்கினோம், டேட்டாவை நிறுத்தி ஆடலாம் என்ற ஒப்பந்தத்தில். ரோப்லொக்ஸுக்கு நான் இன்னும் இணங்கவில்லை. அது ஒரு விளையாட்டு அல்ல, பலர் செய்து வைத்த எண்ணற்ற விளையாட்டுகள் இருக்கும் சந்தை. சந்தைக்கு ஒரே எண்ணைப் போடுவது, கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்கு ஒரே எண்ணைப் போடுவதைப் போன்றது. பிள்ளையைப் புறக்கோட்டைக்குக் கூட்டிப் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது மிகச் சாதாரணம். மகளுக்கு ஏதாவது இறக்குவதற்கு முன் விளையாட்டின் பெயரைப் பெகியின் தளத்திலோ ஈ.எஸ்.ஆர்.பி.யின் தளத்திலோ தேடுகிறேன். பெட்டியாக வெளிவந்த விளையாட்டு என்றால் அமெரிக்கத் தளத்தில் ஒரு சிறு பத்தி இருக்கும். யார் யாரை எதனால் அடிக்கிறார், இரத்தம் தெரிகிறதா, எந்தக் கெட்ட வார்த்தை வருகிறது என்று நேரடியாக எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தி ஒரு எண்ணைவிட நூறு மடங்கு பயனுள்ளது. கைபேசிச் செயலிகளுக்கு அப்படிப் பத்தி இருக்காது, ஆகவே நானே விமானப் பயண நிலையில் வைத்து அரை மணி நேரம் ஆடிப் பார்க்கிறேன். இணையம் இல்லாமல் ஓடாத விளையாட்டு எதை எதிர்பார்த்து இணையம் கேட்கிறது என்ற கேள்வி எனக்கு எழும், பெரும்பாலும் விடை விளம்பரம்தான். ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகளைப் பார்த்து முன்பு பயப்படுவேன், இப்போது அவைதான் மலிவு என்று படுகிறது. மூன்று நான்கு போதும். ஆறு வயதுக்காரி ஒரே மீனை நூறு தடவை பிடிப்பாள், புதிது வேண்டும் என்ற அவசரம் எனக்குத்தான் இருந்தது. அலுவலக நாட்களில் இந்த அரை மணி நேரம் கிடைக்காது. அப்படியான வாரங்களில் புதிதாக எதுவும் இறக்கப்படுவதில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாலும்.

வட்ஸ்அப்பில் கோப்பாக வந்து இறங்கும் விளையாட்டுகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. மகனின் நண்பர்கள் அப்படித்தான் பரிமாறிக்கொள்கிறார்கள், கடையின் வாசலையே மிதிப்பதில்லை. அதற்கு டெப்பில் வெளிக்கோப்புகளை நிறுவும் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இரகசிய இலக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். மாமாவின் சீட்டாட்டத்துக்காகப் பூட்டைத் திறந்து மூடியபோது, இலக்கம் என்ன வைக்கலாம் என்று யோசித்தேன். “எனக்கு மறக்காததா வையுங்கோ பிள்ளை, 0304 எண்டு வையுங்கோ” என்றார் அவர். வைத்தேன். இரண்டு நாட்களில் டெப்பில் பதினாறு வயதுக் குறி கொண்ட துப்பாக்கி விளையாட்டு ஒன்று இருந்தது. கேட்டபோது மகன் மறைக்கவில்லை. அப்பப்பா வேறு எந்த இலக்கத்தைச் சொல்லியிருக்கப் போகிறார் என்று அவன் முதல் தடவையிலேயே கண்டுபிடித்திருக்கிறான், அவருடைய சீட்டுக் கூட்டாளி அவன்தானே. இலக்கத்தை மாற்றிவிட்டேன். புதியது மாமாவுக்கும் தெரியாது. புதிதாக ஏதாவது சீட்டு விளையாட்டு வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் டெப்பை எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கும் என் அறைக் கதவைத் தட்டுகிறார்.